சொல் நின்ற இடம்

வைரவிழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியர் ஒருவரிடம் எவரும் எதிர்பார்ப்பதையே அவர்களும் எதிர்பார்த்தனர் போலும். கம்பனின் உவமை நயம், வள்ளுவர் கண்ட கல்வி, அன்றேல் கல்லூரியின் தமிழ்ப்பணி என்பவற்றுள் ஒன்று வருமென எண்ணிப் பக்கங்களும் ஒதுக்கியிருந்தனர். யாம் எழுதியிருப்பதோ, மனித மூளையின் மேற்பரப்பிலே மின்வாய்களை வைத்து, அதன் எப்பகுதி எத்தொழிலைச் செய்கின்றது என அறியும் முறையைப் பற்றி. பௌதிகமோ உயிரியலோ யாம் முறையாகக் கற்றவரல்லேம். பயிற்றப்பட்ட தமிழாசிரியர் என்னும் சான்றிதழ் ஒன்றே எம் கைப்பொருள். எனினும் இதனை இம்மலரிலேயே எழுதவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

2011ஆம் ஆண்டில் யாம் பத்தாந் தர வகுப்பொன்றுக்குத் தமிழ் கற்பித்து வந்தோம். எழுத்துக்களின் பிறப்புப் பற்றிய நன்னூற் சூத்திரங்களை மாணவர் மனனஞ் செய்து ஒப்புவிக்க வேண்டும் என்பது எம் கட்டளை. அவ்வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். மெலிந்த உடல், மெல்லிய குரல், எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒப்புவிக்க எழுந்தால் முதலிரண்டு அடிகளைத் தெளிவாகச் சொல்வான். பின்பு சட்டென நின்றுவிடுவான். கண்கள் யன்னலை நோக்கி நிலைத்திருக்கும். எதையோ மெல்லுவது போல வாய் அசையும். வலக்கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டேயிருக்கும். அரை நிமிடமளவு கழிந்தபின், யாம் இருக்கச் சொல்லாமலே இருந்துவிடுவான். அன்றேல் யாம் கேளாத வேறோர் அடியைச் சொல்லத் தொடங்குவான். ஏன் நின்றாய் எனக் கேட்டால் விழிப்பான்.

இஃது ஒரு மாதத்தில் மூன்றாம் முறையும் நிகழ்ந்தபோது எமக்குச் சினம் மூண்டது. பாடம் பாராமல் வந்ததை மறைக்கப் பையன் வேடம் போடுகிறான் என்றே முடிவு கட்டினோம். "நீ நல்ல நடிகன்; உன்னை நாடகப் போட்டிக்கு அனுப்பவேண்டும்" என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்றுமுதல் அவனுக்கு அதுவே பெயராயிற்று. வாங்கிலும் எழுதினர், விளையாட்டிடத்திலும் கூவினர். அப்பெயரை இட்டவர் எவரோ ஒரு குறும்பர் அல்லர். சொல்லின் பொருளும் தகுதியும் கற்பிக்கவென்று சம்பளம் பெறும் யாமே.

அடுத்த தவணையின் மூன்றாம் வாரத்தில் அவன் தாயார் எம்மைக் காண வந்தார். விடுமுறையிலே வீட்டில் விழுந்து கைகால் இழுத்ததாம். கொழும்புக்குக் கொண்டுபோய், தலையிலே கம்பிகள் ஒட்டிப் படம் எடுத்தார்களாம். மடித்துக் கொண்டுவந்த கடதாசியை விரித்துக் காட்டினார். "சேர், பிள்ளை நடிக்கேல்லை. அந்த நேரத்திலே அவனுக்கு ஒண்டும் விளங்காதாம். டொக்டர் சொன்னவர்" என்றார். அவர் குரலிற் சினமில்லை. இருந்திருந்தால் எமக்கு எளிதாயிருக்கும். யாம் அக்கடதாசியிலே நெளிந்தோடிய கோடுகளைப் பார்த்தோம். "சரி அம்மா, இனிக் கவனமாய்ப் பார்க்கிறோம்" என்றோம். பார்த்தோம் என்பதும் உண்மையே. பின்னர் அவனை ஒப்புவிக்கச் சொல்லவில்லை. ஆனால் வகுப்பின் முன் சொன்ன சொல்லை வகுப்பின் முன் மீட்கவில்லை. அவன் கல்லூரியை விட்டு நீங்கும் வரையில் அப்பெயர் அவனோடே இருந்தது.

அக்கோடுகள் யாவை என்று ஒருநாள் எம் நண்பராகிய விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டோம். அவர் கரும்பலகையிலே வரைந்து காட்டியதிலிருந்துதான் எம் படிப்புத் தொடங்கியது. மூளையிலுள்ள நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று மின்னால் உரையாடுகின்றன. பல கலங்கள் ஒருங்கே தொழிற்படும்போது எழும் மின்மாற்றம் தோலின்மேல் வைத்த மின்வாய்க்கும் எட்டுகின்றது. ஆனால் அஃது ஒரு வோல்ற்றின் இலட்சத்தில் ஒரு பங்கு, சிலபோது பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவினதே. 1875ஆம் ஆண்டிலே லிவர்ப்பூல் நகரத்து மருத்துவர் றிச்சாட் கேற்றன் முயல்களினதும் குரங்குகளினதும் மூளையில் இத்தகைய மின்னோட்டங்களைக் கண்டு வெளியிட்டார். மனிதரில் முதன்முதற் பதிவு செய்தவர் யேனா நகரத்து ஹான்ஸ் பேர்கர். படைப்பயிற்சியின்போது அவர் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பிய அன்றே, அவருக்கு ஏதோ தீங்கென்று உடன்பிறந்தாள் கலங்க, தந்தையார் தந்தி அடித்தாராம். உள்ளத்தினின்று உள்ளத்துக்கு ஏதோ ஒன்று செல்கின்றது. அதனை அளந்தறியவேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. தேடிய பொருள் கிட்டவில்லை. 1924இல் கிட்டியது மூளையின் மின்னலை. ஐந்தாண்டுகள் தாமே ஐயுற்று ஐயுற்றுச் சோதித்து, 1929இலேதான் அதனை வெளியிட்டார். வகுப்பிலே ஒரு முடிவுக்கு வர எமக்கு அரை நிமிடமே போதியதாயிருந்தது.

தலைத்தோலிலிருந்து பெறும் பதிவுக்கு ஒரு குறை உண்டு. இடையிலே மண்டையோடு நிற்கின்றது. அது மின்னலையை மெலிவிப்பதோடு கலக்கியும் விடுகின்றது. அதிபர் விறாந்தையால் நடந்து செல்லும்போது உள்ளே வகுப்பு இரைகின்றது என்பதை அறிவார். எந்த வாங்கிலே எவன் பேசினான் என்பதை அறியார். அதற்கு அவர் உள்ளே வரவேண்டும். மூளையிலும் அவ்வாறே. மண்டையோட்டைத் திறந்து, மூளையத்தின் மேற்பட்டையிலே நேராக மின்வாய்களை வைத்துப் பதிந்தால், அலைகள் பெரியனவாகவும் தெளிந்தனவாகவும் கிடைக்கின்றன. இன்ன இடத்திலிருந்து வந்தது என்பதும் விளங்குகின்றது. ஆராய்ச்சிக்கென்று மட்டும் ஒருவர் தலையைத் திறத்தல் ஆகாது. மருந்தால் அடங்காத வலிப்புக்குச் சத்திர சிகிச்சை செய்யும் நோயாளரிடத்திலேயே இவ்வறிவு பெரும்பாலும் பெறப்பட்டது. பிறர் நோயிலிருந்து பெற்ற அறிவு இது என்பதை வாசிக்குந்தோறும் நினைத்துக்கொண்டோம்.

இத்துறையிற் பெரும்பெயர் கனடாவின் மொன்றியால் நகரத்து வைல்டர் பென்பீல்ட் என்பவருடையது. வலிப்பினால் வருந்திய தம் தமக்கையின் மூளையிலிருந்த கட்டியை 1928இல் தாமே அறுத்தவர் அவர். கட்டி முழுவதையும் அகற்ற முடியவில்லை. தமக்கையார் சில ஆண்டுகளில் இறந்தார். 1934இலே மொன்றியால் நரம்பியல் நிறுவனம் அவர் முயற்சியால் எழுந்தது. சில ஆண்டுகளில் ஹேபேட் ஜஸ்பர் என்னும் அறிஞர் அவரோடு சேர்ந்தார். சத்திர சிகிச்சைக் கூடத்திலே பென்பீல்ட் மூளையைத் திறப்பார். ஜஸ்பர் மேற்பட்டையின் அலைகளைப் பதிந்து, வலிப்பு எங்கே முளைக்கின்றது என்று தேடுவார். இருவரும் இயற்றிய பெருநூல் 1954இல் வெளிவந்தது.

நோயாளர் விழித்திருக்கவே இது நடைபெறும் என்பதை அறிந்தபோது எமக்கு மெய் சிலிர்த்தது. தோல் மரத்துப்போக மருந்திடுவர். மூளைக்கோ தன்னைத் தொடுவதை உணரும் நோவுணர்ச்சி இல்லை. உடல் முழுவதன் நோவையும் அறிகின்ற மூளை தன் நோவை அறியாது! பென்பீல்ட் மெல்லிய மின்னோட்டத்தை ஓரிடத்திற் பாய்ச்சுவார். நோயாளரின் பெருவிரல் அசையும், அன்றேல் நாவிலே கூச்சம் தோன்றும். அவ்விடத்திலே இலக்கமிட்ட சிறு கடதாசித் துண்டொன்றை வைப்பார். இவ்வாறு பலரிடம் பெற்ற முடிவுகளை அவரும் போல்ட்ரி என்பவரும் 1937இல் வெளியிட்டனர். உடலில் முதுகு பெரிது, உதடு சிறிது. மூளையின் படத்திலோ உதடும் நாவும் விரலும் பெரும் பரப்பைக் கொள்ள, முதுகு ஒரு மூலையில் ஒடுங்கியிருக்கின்றது. பேச்சுக்கும் கைத்தொழிலுக்கும் மனிதன் கொடுத்த இடம் அத்துணை.

எம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது வேறொரு செய்தி. பேச்சுக்குரிய பகுதியிலே மின்னைப் பாய்ச்சினால் பேச்சுப் பிறப்பதில்லை, நின்றுவிடுகின்றது. ஆதலின் நோயாளருக்குப் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் செய்வர். மின்னூசி எங்கே தொடும்போது பெயர் வரவில்லையோ, அவ்விடம் கத்தி படலாகாத இடம். பென்பீல்ட் கூறும் நோயாளர் ஒருவருக்கு வண்ணத்துப்பூச்சியின் படம் காட்டப்பட்டது. அவர் பேசவில்லை, பொறுமையிழந்து விரல்களைச் சொடுக்கினார். மின்வாயை எடுத்தவுடன் பெயரைச் சொன்னார். அந்தச் சொல் வரவில்லையாதலால், விட்டிற்பூச்சி என்பதையாவது சொல்லப் பார்த்தாராம், அதுவும் வரவில்லையாம். இதனை ஆழ்ந்து நோக்குமின். பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு இனமான மற்றொரு பொருளும் தெரிந்திருந்தது. தம்மிடம் சொல் இல்லை என்பதும் தெரிந்திருந்தது. வராதது சொல் ஒன்றே. சொல்லும் பொருளும் பிரியாதன என்று எத்தனையோ மேடைகளிற் பேசியிருக்கின்றோம். மூளையிலே அவற்றைப் பிரிக்கும் ஓரிடம் இருக்கின்றது. அதன் பரப்பு நகத்தளவே.

கூடத்திலே மருத்துவர் பாய்ச்சும் மின் சில கணங்களில் நின்றுவிடும். வலிப்பு நோயிலோ அம்மின் உள்ளேயே எழுகின்றது. பென்பீல்டின் நோயாளருக்குச் சொல் மட்டும் நின்றது, அறிவு நிலைத்தது. எம் மாணவனுக்கு அறிவும் உடன் மங்கியது. கன்னப்பொறியின் உட்புறமாயமைந்த மூளைப்பகுதியில் எழும் வலிப்பிலே, நோக்கு நிலைத்தலும், வாய் மெல்லுதலும், கை ஆடையைத் தடவுதலும், பின்னர் ஒன்றும் நினைவின்மையும் வழக்கமான அடையாளங்கள் என்று நூல்கள் கூறுகின்றன. யாம் வகுப்பிலே கண்டதை ஒன்று விடாமல் எழுதிவைத்தாற்போல அப்பக்கம் இருந்தது. கண்ணாற் கண்டோம், கண்டதற்குப் பெயரைத்தான் பிழையாக இட்டோம்.

மின்னைப் பாய்ச்சி அறிதல் ஒரு முறை. பாய்ச்சாது, மூளை தானே எழுப்பும் அலைகளைக் கேட்டு அறிதல் மற்றொரு முறை. பின்னது எமக்கு மேலும் சுவை தந்தது. பிள்ளைகள் வேலையின்றி இருக்கும்போது, வாய்பாட்டையோ செய்யுளையோ ஒரே குரலிற் சேர்ந்து ஓதுவர். ஆசிரியர் கணக்கொன்றைக் கொடுத்தவுடன் அச்சேர்ந்திசை குலைகின்றது. அவனவன் தன் தன் கணக்கைச் செய்யும் விரைந்த முணுமுணுப்பு எழுகின்றது. மூளையின் மேற்பட்டையும் அவ்வாறேயாம். கை ஓய்ந்திருக்கும்போது கைக்குரிய பகுதியிலே ஒழுங்கான அலை ஓடுகின்றது. கையை மடக்க முற்பட்டதும் அவ்வலை அடங்கிவிடுகின்றது. இதனை ஜஸ்பரும் பென்பீல்டும் 1949இல் விவரித்தனர். அடங்கிய பின் எழும் முணுமுணுப்பைக் கேட்கக் கருவிகள் வளரவேண்டியிருந்தது. 1998இலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் நேதன் குரோன் குழுவினர், கையை மூடுதல், நாவை நீட்டுதல் முதலிய தொழில்களின்போது, செக்கனுக்கு 75 முதல் 100 வரையான விரைந்த அலைகள் உரிய இடத்தில் ஓங்குகின்றன என்று காட்டினர். பழைய ஒழுங்கலை பரந்த இடத்தில் அடங்கும். இவ்விரைந்த அலையோ குறித்த இடத்திலேயே எழும். வேலை நடக்கும் வாங்கு எதுவென அறிய இதுவே தக்கது. மண்டையோட்டுக்கு வெளியே இது பெரும்பாலும் எட்டுவதில்லை.

இதற்கென மென்மையான தகடொன்றில் எட்டு நிரை, நிரைக்கு எட்டாக 64 மின்வாய்களைப் பதித்து, ஒன்றுக்கொன்று ஒரு சதமமீற்றர் இடைவெளி விட்டு அமைக்கின்றனர். சத்திர சிகிச்சைக்கு முன்னர் அதனை மூளையின்மேல் விரித்து, மண்டையை மூடி, ஒரு வாரமளவும் நோயாளரை மருத்துவமனையில் வைத்திருப்பர். வலிப்பு வரும்வரை காத்திருக்கும் அந்நாள்களில் சிலர் ஆராய்ச்சிக்கும் இசைகின்றனர். கட்டிலிற் கிடந்தவாறே பிறர் பேசுவதைக் கேட்பர், சொற்களைச் சொல்வர்.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் சாங் குழுவினர் செய்த அத்தகைய ஆராய்ச்சியொன்று 2014இல் வெளிவந்தது. நோயாளர் அறுவர், நானூறு பேர் பேசிய ஐந்நூறு ஆங்கில வாக்கியங்களைக் கேட்டனர். கேட்டலுக்குரிய மேற்பட்டையின் ஒவ்வோரிடமும் எதற்கு விடை தருகின்றது என்று ஆராய்ந்தனர். ஓரெழுத்துக்கு ஓரிடம் என்று அமையவில்லை. வாயிலே காற்றை அடைத்து வெடிக்கவிடும் ஒலிகள் எல்லாவற்றுக்கும் ஓரிடம் விடை தந்தது. மூக்கொலிகளுக்கு வேறோரிடம். உரசொலிகளுக்கு ஒன்று. உயிர்களுக்கு மற்றொன்று. அஃதாவது, ஒலி எங்கே பிறக்கின்றது என்பதிலும் எவ்வாறு பிறக்கின்றது என்பதே அங்கே முதன்மையான பாகுபாடு.

இதனை வாசித்தபோது நன்னூலை மூடி மேசையில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் நடந்தோம். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எத்தனை ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதியிருக்கின்றோம்! க, ச, ட, த, ப என்பன ஓரினம் எனச் சொல்லும்போது, அவை வாயின் வெவ்வேறு இடங்களிற் பிறப்பன. ஆயினும் பிறக்கும் வகையால் ஒன்றுபடுவன. மெல்லினமோ முழுவதும் மூக்கின் வளி பெறுவது. ஏட்டையும் செவியையுமே கருவியாகக் கொண்டு நம் இலக்கண ஆசிரியர் வகுத்த இனப்பாகுபாடும், மேற்பட்டையிலே கண்ட பாகுபாடும் ஒரு பக்கமே சாய்கின்றன. உடனே மேடையேறி, மூளை மருத்துவம் தமிழனுக்கு அன்றே தெரியும் என முழங்குவார்க்கு ஒன்று சொல்வோம். அவ்வாராய்ச்சி ஆங்கில ஒலிகளைக் கொண்டு செய்யப்பட்டது. ஆங்கிலத்தின் உரசொலிகள் பலவற்றுக்கு நம் எழுத்தில் இடமில்லை. நம் முன்னோர் மூளையைக் கண்டாரல்லர். செவியைக் கூர்மையாகப் பயன்படுத்தினர். அதுவே போதிய பெருமை.

பேசும்போது நடப்பதையும் அக்குழுவினர் 2013இல் வெளியிட்டிருந்தனர். இதழுக்கும் தாடைக்கும் நாவுக்கும் மிடற்றுக்கும் உரிய இடங்கள் ஏறத்தாழ மேலிருந்து கீழாக அடுத்தடுத்துக் கிடக்கின்றன; மிடற்றுக்கு மேற்புறத்திலும் ஓரிடம் உண்டு. ஓரசை பிறக்க அவ்விடங்கள் உரிய முறையில் முந்தியும் பிந்தியும் எழுகின்றன. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துப் பிறப்புக்குச் சொல்லும் எட்டு உறுப்புக்களிலே இதழும் நாவும் மிடறும் உள்ளன. பிறப்பியலைக் கற்பிக்கையில் இப்பொழுதெல்லாம் மூளையின் படமொன்றையும் பலகையில் வரைகின்றோம். எம் சித்திரத்தைக் கண்டு மாணவர் பலாக்கொட்டை என்கின்றனர்.

இருமொழி கற்கும் மாணவருக்கு ஒரு செய்தி. 1978இலே ஓஜமன், விற்றேக்கர் என்போர் இருமொழி பேசும் நோயாளர் இருவரில் ஆராய்ந்தபோது, சில இடங்களில் மின்னைப் பாய்ச்சினால் இரு மொழியிலும் பெயர் நின்றது. சில இடங்களில் ஒரு மொழியில் மட்டும் நின்றது. ஆங்கிலத்தில் வருகிறது, தமிழில் வரமாட்டேன் என்கிறது எனச் சொல்லும் மாணவன் இதனைச் சான்றாகக் காட்டித் தப்பமுடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கின்றோம்.

இனி, இக்கட்டுரையை எழுதச் செய்த செய்திக்கு வருகின்றோம். 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே எமக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் அம்மாணவர். இனி அவன் என எழுதுதல் பொருந்தாது. மின்னியலிற் பயிற்சி பெற்று வேலை பார்க்கின்றார். மணமாகி ஒரு பெண் குழந்தையும் உண்டு. மருந்தால் வலிப்பு அடங்கிப் பல ஆண்டுகளாயின. கடிதத்தோடு ஆராய்ச்சிச் செய்தியொன்றின் படியும் இருந்தது. மூளையின் அடித்தண்டிலே ஏற்பட்ட இரத்த அடைப்பினால் பதினெட்டு ஆண்டுகளாகப் பேச்சிழந்திருந்த பெண்மணி ஒருவரைப் பற்றியது அது. சொல்ல நினைப்பதெல்லாம் உள்ளே உண்டு. நாவுக்கும் இதழுக்கும் கட்டளை சென்று சேருவதில்லை. சாங் குழுவினர் அவருடைய மேற்பட்டையிலே 253 மின்வாய்கள் கொண்ட மெல்லிய தகட்டை வைத்தனர். அவர் வாய்க்குள்ளே பேச முயலும்போது எழும் அலைகளைக் கணினி கற்றுக்கொண்டது. முழுச் சொற்களை ஒவ்வொன்றாகக் கற்பிக்கவில்லை. ஆங்கிலத்தின் 39 ஒலிகளையே கற்பித்தனர். ஒலிகளை அறிந்தபின் அவற்றாலான சொற்களை அது கூட்டிக்கொண்டது. எழுத்ததிகாரம் முன்னும் சொல்லதிகாரம் பின்னுமாக நம்மவர் வைத்த ஒழுங்கு ஈண்டும் உதவியிருக்கின்றது. நிமிடத்துக்கு 78 சொற்கள் வரையில் அவர் எண்ணம் எழுத்தாயிற்று. நலமுடையோர் இயல்பாகப் பேசும் விரைவின் ஏறத்தாழப் பாதி. திருமண நாளில் அவர் பேசியது முன்னரே பதிவாகியிருந்தது. அப்பதிவைக் கொண்டு அவர் குரலையும் கணினி வழியே எழுப்பினர்.

கடிதத்தின் அடியிலே அவர் இரண்டு வரிகளே எழுதியிருந்தார். உள்ளே சொல் இருப்பதை வெளியே இருப்பவர் எப்படி அறிவது என்று தாம் சிறு வயதில் யோசித்ததுண்டு என்றும், இதனை வாசித்தபோது எம் வகுப்பு நினைவுக்கு வந்தது என்றும். பழிச்சொல் ஒன்றுமில்லை. அவர் தாயாரின் மகன் அல்லரோ.

யாம் பதில் எழுதினோம். வருந்துகின்றோம் என்றும் எழுதினோம். அக்கடிதம் அவர் ஒருவர் கண்ணுக்கே உரியது. யாம் சொன்ன சொல்லோ முப்பத்தெட்டு மாணவர் செவியில் விழுந்தது. அம்முப்பத்தெண்மரும் இன்று பழைய மாணவர். கொழும்பிலும் இலண்டனிலும் தொரன்றோவிலும் நம்மூரிலும் இருக்கின்றனர். இம்மலர் அவர்கள் கைக்குப் போகும். ஆதலின் அவர்கள் அறிய ஈண்டுச் சொல்லுகின்றோம். 2011இலே உங்கள் வகுப்புத் தோழர் நடிக்கவில்லை. அவர் பாடமும் நன்றாகப் பார்த்தே வந்திருந்தார். அவர்மீது யாம் இட்ட பெயர் பொய்ப்பெயர். அதனைத் திரும்பப் பெறுகின்றோம். இப்போதும் சந்திக்கும்போது அப்பெயரால் அவரை அழைப்போர் உளராயின், அதனை விடுமாறு ஆசிரியன் என்ற உரிமையில், அவ்வுரிமை எமக்கு எஞ்சியிருந்தால், கேட்டுக்கொள்ளுகின்றோம்.

உடன் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் சில சொல்லவேண்டும். ஒரே மாணவன் மீண்டும் மீண்டும் அரை நிமிடம் விழித்துப் பார்த்தபடி நின்றால், பெற்றோருக்கு அறிவித்து மருத்துவரிடம் அனுப்புங்கள். கைகால் இழுத்து விழுந்தானாயின், அருகிலுள்ள மேசை வாங்குகளை அகற்றி, தலையின்கீழ் மென்மையானதொன்றை வைத்து, ஒருபுறமாகச் சரித்துக் கிடத்துங்கள். கையில் இரும்புத் திறப்பைத் திணித்தலால் ஒரு பயனும் இல்லை. வாயிலே கரண்டியோ துணியோ வைத்தல் தீங்கு. மணிக்கூட்டைப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேற் சென்றால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். தெளிந்தெழும்போது அவனைச் சுற்றிக் கூட்டம் நிற்க விடாதீர்கள். இவை பெரிய கல்வியல்ல. கடதாசியொன்றில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டிவைத்திருக்கின்றோம்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவருக்கு அனுப்பி இசைவு கேட்டோம். தம் பெயரின்றி எழுதலாம் என்றார். சென்ற மாதம், விழா ஆயத்தத்துக்காகப் பழைய மாணவர் கூடியபோது நேரிலும் வந்தார். மகளையும் அழைத்து வந்திருந்தார். எம் பழைய வகுப்பறையைக் குழந்தைக்குக் காட்டினார். வாங்குகள் மாறிவிட்டன, யன்னல் மாறவில்லை. பேச்சின் நடுவே, அன்று பாதியில் நின்ற சூத்திரம் இன்னும் நினைவிருக்கிறதா என யாம் கேட்டோம். கேட்ட பின்பே கேட்டிருக்கலாகாதோ என நெஞ்சு திடுக்குற்றது. அவர் சிரித்துக்கொண்டு எழுந்து, கைகட்டி நின்று சொல்லத் தொடங்கினார். மூன்றாம் அடியில் நின்றார். யாம் காத்திருந்தோம். மகள் எம்மைப் பார்த்தாள்.

"மறந்துபோச்சு சேர்" என்றார். அடுத்த அடியை யாம் எடுத்துக் கொடுத்தோம்.